இருபது குழி

வீரபத்திரன் என்று பெயர் வைத்தவர்கள் குழந்தையின் அழுகைச் சத்தத்தை நம்பி ஏமாந்திருக்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய பிறகு அவனிடம் வீரம் என்று மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேரைத் திணித்துக்கொண்டு, ஏழாவது ஆளைப் பார்த்து, "ஏறுபா, இடம் கெடக்குது" என்று கூசாமல் கூப்பிடுவான். மற்றபடி பரம சாது.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கும் ஏனாத்தூருக்கும் இடையில் அவனுடைய ஷேர் ஆட்டோ ஓடுகிறது. ஏனாத்தூரில் கல்லூரி இருப்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. வண்டியில் ஏறியவர்களுக்குப் பயணத்தோடு வீரபத்திரனின் பேச்சும் இலவசம். வேண்டாம் என்றாலும் கிடைக்கும். தக்காளி விலையிலிருந்து தங்கத்தின் விலை வரை அவனுக்குக் கருத்து உண்டு. சென்னை மெட்ரோ ரயில் பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரத்துக்கு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் மற்ற கருத்துகளை எல்லாம் ஓரங்கட்டி வைத்துவிட்டான்.

இரண்டு வழிகள் சொன்னார்கள். ஒன்று, தூண்களின் மேல் வந்து ஏனாத்தூரோடு நின்றுவிடுவது. இது மலிவு. இன்னொன்று, ஏனாத்தூரிலிருந்து பூமிக்குள் இறங்கி, கோயில்களுக்கும் கடைத்தெருவுக்கும் அடியில் புகுந்து, பிள்ளையார்பாளையம் வரை வருவது. இதற்கு மூன்று பங்கு செலவு. எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கப் போவதாக அறிவித்திருந்தார்கள்.

வீரபத்திரன் முதல் வழியின் பக்கம். ரயில் ஏனாத்தூரில் நின்றால், அங்கே இறங்குகிற சென்னைக் கூட்டம் மொத்தமும் ஊருக்குள் வர யாருடைய வண்டியில் ஏறும்? இந்தக் காரணத்தை மட்டும் அவன் வெளியே சொல்லவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்துக்காக உருகினான்.

"மூணு பங்கு செலவு எதுக்குபா? அந்தக் காசுக்கு காஞ்சிபுரத்துல ஆளுக்கு ஒரு ஆட்டோ வாங்கிக் குடுக்கலாம்."

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா, உன் ஆட்டோல ஏற ஆளு யாருண்ணா?" என்று பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அன்று மீதிப் பயணம் முழுக்க வீரபத்திரன் சாலையைக் கவனித்து ஓட்டினான்.

வீட்டில் நிலைமை வேறு. அவன் மனைவி லில்லி பூந்தமல்லியில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே மாட்டியிருக்கும் பலகையில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு அளவு பார்ப்பது அவள் வேலை. "கீழ் வரி தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எதிரில் இருப்பவர் தெரியாததைத் தெரிந்ததாக அளந்தால் கண்டுபிடித்துவிடும் சாமர்த்தியம் அவளுக்கு வந்திருந்தது. கணவனிடம் அது நன்றாகவே பயன்பட்டது.

விடிவதற்குள் பஸ் ஏறினால், இருட்டிய பிறகுதான் காஞ்சிபுரத்தில் இறங்குவாள். பல நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போக அங்கிருந்து இன்னொரு ஷேர் ஆட்டோ. வேறு யாருடைய ஆட்டோவோ. அவள் இறங்குகிற நேரத்தில் வீரபத்திரன் ஏனாத்தூரில் மாலை வகுப்பு விட்டு வரும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டிருப்பான். "அந்த ஒரு டிரிப்புதாம்மா நமக்கு லாபமே" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளக்கியிருந்தான். அவள் "சரி" என்றாள். அந்த "சரி"க்கு நான்கு வருடம் ஆகிவிட்டது.

"ரயிலு பாளையம் வரைக்கும் வரணும்" என்றாள் லில்லி, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"செலவு ஜாஸ்தி லில்லி. நாடு தாங்காது."

"நாட்ட வுடு. ஆஸ்பத்திரிலயே தங்கறதுக்கு ரூம் குடுக்கறேங்கறாங்க. எல்லா நாளும் இப்டி அலையறதுக்கு, வாரத்துக்கு ஒருவாட்டி வந்து மூஞ்ச காட்டிட்டுப் போலாம்னு பாக்கறேன்."

மகன் இளவரசன் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவளும் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது வீரபத்திரனும் தொலைக்காட்சியும்தான். பயந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "போயேன், எனக்கும் சமைக்கக் கத்துக்கினா மாதிரி இருக்கும்" என்று சிரித்துவைத்தான். அவள் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துபோனாள். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

மறுநாள் ஏனாத்தூரில் தலைக்கவசமும் கருவிப் பையுமாக இரண்டு பேர் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் தொலைபேசியில், "ஆமாம் சார், மெட்ரோ வேலைதான். பிள்ளையார்பாளையத்துல இருபது குழி எடுக்கணும். வர்ற மாசமே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

வீரபத்திரன் பிரேக்கை மிதித்த வேகத்தில் ஆறு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள்.

வேறு ஊராக இருந்தால் குழி என்றால் பள்ளம், அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் அப்படி இல்லை. அங்கே வீட்டுக்கு வீடு தறி. தறிக்கு முன்னால் தரையில் ஒரு குழி இருக்கும். நெய்கிறவர் அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்தபடி நெய்வார். "அப்பா எங்கடா?" என்றால், "குழில இருக்காரு" என்பான் பிள்ளை. வெளியூர்க்காரர் கேட்டால் பதறிப்போவார். அந்தத் தெருவில் இருபது குழியை எடுக்கப்போகிறார்கள் என்றால், இருபது தறியைப் பிடுங்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வீரபத்திரன் அதைப் பாதி நம்பினான். மீதியை நம்ப ஆசைப்பட்டான். பூமிக்கடியில் வரும் வழியை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல சேதி கிடைக்குமா?

அன்று மாலையே பக்கத்து வீட்டு நெசவாளர் ஆதிகேசவனிடம் ஒப்பித்தான்.

"இருபது குழியா? எந்த இருபதுபா?" என்றார் அவர்.

"அதான் தெரியலண்ணே."

தெரியாமல் போனதுதான் வினையாகிவிட்டது. தெருவில் ஒவ்வொரு வீடும் அந்த இருபதில் தன்னைச் சேர்த்துக்கொண்டது. மறுநாள் ஆட்டோவில் ஏறிய பழனி என்ற மாகறல் விவசாயி, பேச்சுவாக்கில் இதைக் கேட்டார். மாகறலில் குழி என்பது நிலத்தின் அளவு. அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் இருபது இருநூறாகியிருந்தது. ரயிலுக்கும் மாகறலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. வீரபத்திரனின் ஆட்டோவைவிட அவன் சேதி வேகமாக ஓடியது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலையில் முகூர்த்தம் முடிந்த கையோடு மண்டபத்தை ஒப்படைத்திருந்தார்கள். மெட்ரோவிலிருந்து வந்திருந்த பொறியாளர் தேவிப்ரியா, மணமக்கள் பெயர் எழுதிய அலங்காரத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வராத மேடை போலிருந்தது. கீழே நெசவாளர்கள் "எங்கள் குழியைத் தொடாதே" என்ற பதாகையோடு வந்திருந்தார்கள். தேவிப்ரியா அதை நாலைந்து முறை படித்துப் பார்த்தார்.

முதலில் சின்னக் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் எழுந்து, பிள்ளையார்பாளையம் இருக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்கு ஒரு நிலையம் என்றால் தங்களுக்கும் ஒன்று வேண்டும், அதுவும் அதைவிட ஒரு படியாவது உயரமாக வேண்டும் என்றார். பிறகு ஆதிகேசவன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஏம்மா, தறில பாவு நூல் பூட்டி வெச்சுக்கினு இருக்கறோம். முகூர்த்தப் பொடவை பாதில நிக்குது. குழிய எடுத்துட்டா காலை எங்கம்மா தொங்க வுடறது?"

தேவிப்ரியா பதறினார். "குழிக்குள்ள காலை விடாதீங்க சார்! ஆபத்து. சுத்தி தடுப்பு வெச்சிடுவோம்."

"தடுப்பா? எங்க அப்பா காலத்துலருந்து வுட்டுக்கினு இருக்கறோம்!"

"அப்பா காலத்துலயே தோண்டிட்டாங்களா?" என்றார் தேவிப்ரியா, மேடைக்குக் கீழே நின்ற தன் உதவியாளரைச் சந்தேகமாகப் பார்த்தபடி.

அதற்குள் பழனி எழுந்தார். "அவங்களுக்குக் காலு வெக்கத்தாம்மா எடம் இல்ல. எனக்கு இருநூறு குழி போச்சுன்னா வரப்பு மட்டுந்தான் மிச்சம். அதுல நின்னுக்கினு நான் இன்னா பண்றது?"

"இருநூறு இல்லைங்க, இருபதுதான். ஒரு குழின்னா ஒரு ஆள் இறங்கி நிக்கற அளவு. தெருவுலதான் தோண்டுவோம். அடியில தண்ணிக் குழாய், கேபிள் எல்லாம் எங்க போகுதுன்னு பார்த்துட்டு, உடனே மூடிடுவோம்."

"மூடிடுவீங்களா?"

"மூடிடுவோம்."

பதாகையைப் பிடித்திருந்த இருவரும் அதை மெல்லச் சுருட்டினார்கள்.

"இதுக்கா ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல?" என்றார் ஆதிகேசவன். "யாருபா இத கெளப்பி வுட்டது? வீரா, நீதான சொன்ன?"

"எனக்கும் அந்த ஆட்டோலதான் சேதி" என்றார் பழனி.

அத்தனை தலைகளும் திரும்பின. வீரபத்திரன் குனிந்து, காலிலேயே இருந்த செருப்பை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லில்லி வந்திருப்பது அவனுக்குத் தெரியாது.

"வணக்கம்மா. என் பேரு லில்லி. அதோ செருப்பு தேடிக்கினு இருக்கறாரே, அவரு வீட்டுக்காரம்மா."

மண்டபம் குலுங்கியது. தேவிப்ரியாகூடச் சிரித்துவிட்டார். லில்லி சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள்.

"பாளையம் வரைக்கும் வந்தா மூணு பங்கு செலவுங்கறீங்க. அது நியாயமா இல்லையான்னு எனக்குத் தெரியாது. பூந்தமல்லிலருந்து நின்னுக்கினே வர்றதுகூட பழகிப்போச்சும்மா. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, வீட்டுக்கு வர்ற அந்தக் கொஞ்ச தூரந்தான் முடியல. எங்க வீட்லயே ஒரு ஷேர் ஆட்டோ இருக்குது. நான் வேற ஆட்டோவுக்குக் கை காட்டிக்கினு நிக்கறேன். அதனாலதான் வாசல்லயே ஒரு ஸ்டேஷன் கேக்கறேன். வேற ஒண்ணும் இல்ல."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வீரபத்திரனுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. ஊர் முன்னால் மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் அவனைக் குத்தியது.

அடுத்து அவன் முறை. வரிப்பணம், நாட்டின் நிலைமை, தூணின் மகிமை என்று பெரிய பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வாயைத் திறந்தான்.

"பாளையம் வரைக்கும் வரட்டும்மா" என்றான்.

"செலவு பத்தி உங்க கருத்து?"

"ஆவட்டும்."

தேவிப்ரியா குறித்துக்கொண்டு, பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "எந்த வழியா இருந்தாலும், ஒப்புதல் வாங்கி, கட்டி முடிச்சு, ரயில் ஓட எப்படியும் பத்து வருஷம் ஆகிடும்."

இதற்கா இவ்வளவு சண்டை என்று மண்டபமே பெருமூச்சு விட்டது. வீரபத்திரன் உட்காரப் போனவன், பெண்கள் பக்கம் இருந்த லில்லியைத் திரும்பிப் பார்த்தான்.

"சரிம்மா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

யாரோ விசில் அடித்தார்கள். அரசியல்வாதி தோற்றார் என்று கைதட்டினார்கள். லில்லி மட்டும் கைதட்டவில்லை. அவன் வாயால் அவள் கேட்காத வாக்குறுதியா?

அடுத்த நாள் மாலை வீரபத்திரன் ஏனாத்தூர்ப் பக்கமே போகவில்லை. பேருந்து நிலையத்து வாசலில் பிள்ளையார்பாளையம் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஓரத்து இருக்கையில் தன் துண்டைப் போட்டு வைத்தான். உள்ளே இருந்தவர்கள் முனகினார்கள். "எடம்தான் காலியா கெடக்குதே, எடுப்பா வண்டிய" என்றார் ஒருவர். வாழ்நாளில் முதல்முறையாக வீரபத்திரன், "இடம் இல்லபா, ஆளு வரணும்" என்றான்.

பூந்தமல்லி பஸ் வந்தது. லில்லி இறங்கி, பழக்கத்தில் வேறொரு ஆட்டோவுக்குக் கையைத் தூக்கினாள். பிறகுதான் துண்டைத் தட்டிக்கொண்டு நின்றவனைப் பார்த்தாள்.

"பாளையம் போவுமா?" என்றாள், தெரியாதவனிடம் கேட்பதுபோல.

"போவும்மா. ஏறு."

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். ஒவ்வொருவராக இறங்கினார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "இன்னா, மேடம் எறங்கறீங்களா?" என்று திரும்பினால், அவள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருந்தாள். கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் இப்படித் தூங்குவாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

இன்ஜினை நிறுத்தினான். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆதிகேசவன் குழியில் இருந்தார். அவளை எழுப்ப மனம் வராமல் வீரபத்திரன் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். தறிச் சத்தம் நின்றதும் அவளே விழித்துக்கொண்டாள்.

"தெனம் ஆட்டோல இப்டிதான் தூங்கிடுவியா?"

"ம்."

"எறங்கற எடம் வந்தா யாரு எழுப்புவாங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்க" என்று சொல்லிவிட்டு, லில்லி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.