கால்வெஸ்டன் விடுதி அறையில் ஆறு பேர்

ஒன்பது வயதில் எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. இருட்டோ, நாயோ, டெக்சாஸில் அடிக்கடி ஊதும் சூறாவளிச் சங்கோ என்னை அவ்வளவாக அசைத்ததில்லை. என்னை நடுங்க வைத்தது க்ரீன் கார்டுதான். அமெரிக்காவிலேயே தங்கிவிட அனுமதி தரும் அந்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் யாருமே பார்த்ததில்லை. அப்பா அதற்கு விண்ணப்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அது கைக்கு வரும்வரை ஒரு தப்பும் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ரிச்சர்ட்சன் அப்பார்ட்மெண்டின் சட்டம். நூலகப் புத்தகத்தை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தால் க்ரீன் கார்டு போய்விடும். காரில் தம்பி சீட் பெல்ட்டைக் கழற்றினால் போய்விடும். ஏரிக்கரையில் வாத்துக்கு ரொட்டி போட்டால்கூடப் போய்விடலாம். இதில் அப்பா சொன்னது எது, நானாகச் சேர்த்துக்கொண்டது எது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. அவர் நிச்சயமாகச் சொன்னது ஒன்று உண்டு: “போலீஸ் கேஸுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா அவ்ளோதான், பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.”

இவ்வளவு பயந்த மனிதர் விடுமுறைப் பயணம் என்று வந்துவிட்டால் மட்டும் துணிந்த கட்டையாகிவிடுவார். அவர் மட்டுமல்ல, எங்களுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். விடுதியில் நான்கு பேர் என்று சொல்லி ஓர் அறை எடுப்பார்கள். ஆறு பேரோ எட்டுப் பேரோ அதில் தங்குவார்கள். நான்கு பேர் முன்வாசல் வழியாகச் சிரித்துக்கொண்டே போக, மீதிப் பேர் பத்து நிமிடம் கழித்துப் பின்பக்கப் படி வழியாக வருவார்கள். ரைஸ் குக்கர் குளியல் துண்டில் சுற்றப்பட்டுத் துணிப் பெட்டிக்குள் வரும். குளிக்கும்போது தலைக்குப் போட்டுக்கொள்ள விடுதிக்காரர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொப்பியைக் கூரையிலிருக்கும் புகை அலாரத்துக்கு மாட்டிவிட்டால் சோறு வெந்தது ஊருக்குத் தெரியாது. இந்தத் தந்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் நாட்டின் மறுகோடியில், மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வந்த விருந்தாளிகளும் அதையே செய்தார்கள்.

நான்காம் வகுப்பு முடிகிற சமயம், மே மாத நீண்ட வாரக்கடைசியில், கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனோம். அப்பா, அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி. கூட அங்கிளும் ஆன்ட்டியும். அங்கிள் அப்பாவோடு வேலை பார்த்தவர். தனியாளாக இருந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான். பார்க்கிங் லாட்டில் பின்னாலேயே ஓடிவந்து எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தபோது என்னைவிட அதிகமாகப் பதறியவரும் அவர்தான். அப்பாவைவிட அவரை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஆன்ட்டியை அவர் திருநெல்வேலிப் பக்கம் போய்க் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆன்ட்டி பேசி நான் கேட்டதே குறைவு. காபி வேண்டுமா என்று அம்மா கேட்டால், “அவளுக்கு வேணாம், பால் போதும்” என்று அங்கிள் சொல்வார். கடலில் கால் நனைக்க வா என்று நான் கூப்பிட்டால், “அவளுக்குத் தண்ணின்னா பயம்” என்று அங்கிள் சொல்வார். நன்றாகப் பேசத் தெரிந்தவர் பேசத் தெரியாதவருக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பள்ளியில் ஒரு கொரியப் பெண்ணுக்காக அப்படிப் பேசியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் அம்மா ஆன்ட்டிக்குத் தலை பின்னிவிட்டாள். கூந்தலை ஒதுக்கிய கை பாதியில் நின்றது. காதுக்குக் கீழே, கழுத்தில், நாவல்பழக் கறை போல ஒரு இடம். அம்மா பவுடர் டப்பாவை எடுத்து அந்த இடத்தில் மெதுவாக ஒற்றிவிட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டாமல் தளர்த்தியே விட்டாள். இதை நான் பார்த்தேன். பார்த்ததைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

பத்தரை மணிக்கு அப்பாவும் அங்கிளும் தம்பியைத் தூக்கிக்கொண்டு கீழே நீச்சல் குளத்துக்குப் போனார்கள். மதியத்துக்குக் குக்கரில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அவர்கள் தலை மறைந்ததும் அம்மா தன் கைப்பையிலிருந்து, ஊருக்குப் பேச முன்பணம் கொடுத்து வாங்கும் காலிங் கார்டு ஒன்றை எடுத்து ஆன்ட்டியின் கையில் வைத்தாள். “கண்ணு, ஆன்ட்டிக்கு அவங்க அம்மாகிட்டப் பேசணுமாம். போட்டுக் குடு. அங்கிள்கிட்டச் சொல்ல வேண்டாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஏன் சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒரு ரகசியமும் ஒரு பொறுப்பும் சேர்ந்து கிடைத்த பெருமை எனக்கு. ஆன்ட்டி ஊர் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். வியர்வையில் கடைசி இரண்டு எண்கள் கலங்கியிருந்தன.

விடுதித் தொலைபேசியில் வெளியே பேச முதலில் ஒன்பதை அழுத்த வேண்டும். பிறகு கார்டின் பின்னால் அச்சடித்த எண். அது ஒன்றில் தொடங்கும். ஒன்பதை அழுத்தினேன். ஒன்றை அழுத்தினேன். ஒன்று சரியாக விழவில்லையோ என்று தோன்றியதால் இன்னொரு தடவை அழுத்தினேன்.

மணியே அடிக்கவில்லை. உடனே ஒரு பெண் குரல், என்ன அவசரம் என்று கேட்டது.

நைன் ஒன் ஒன், போலீஸைக் கூப்பிடும் அவசர எண். பள்ளியில் அதைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுத்திருந்தார்கள். தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் வைக்காதே, தவறு என்று சொல், பேசாமல் வைத்தால் போலீஸ் வீடு தேடி வரும் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. போனை அதன் இடத்தில் அறைந்து வைத்தேன்.

“என்னாச்சு?” என்றார் ஆன்ட்டி.

“லைன் கிடைக்கல” என்றேன்.

“இன்னொரு மட்டம் போட்டுப் பாரேன்.”

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் கார்டையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பத்து நிமிடம் நான் பட்ட பாட்டை விவரிப்பது கஷ்டம்.  அறையைப் பார்த்தேன்; பார்த்த இடமெல்லாம் குற்றம். நான்கு பேர் என்று சொன்ன அறையில் ஆறு பேரின் துணிமணி. கூரை அலாரத்துக்குத் தொப்பி. மேஜை மேல் குக்கர். கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்தேன், தொப்பி எட்டவில்லை. சரி, குக்கரையாவது மறைப்போம் என்று பிளக்கைப் பிடுங்கி, துண்டால் பிடித்துத் தூக்கி, துணி வைக்கும் இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.  அம்மாவின் குளியலறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன், தட்டவில்லை. சொல்லிவிட்டால் நடந்தது உண்மையாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். பின்னால் விடுதி மேனேஜர். சத்தம் கேட்டுக் குளத்திலிருந்து அப்பாவும் அங்கிளும் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்கள், அங்கிள் இடுப்பில் தம்பி. அம்மா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். இந்த அறையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது, யார் பேசியது என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை என்று அப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவருக்குத் தெரியாதே. அங்கிள் சிரித்த முகத்தோடு, எல்லாரும் ஒரே குடும்பம், குழந்தை ஏதோ விளையாடியிருக்கும் என்று தம்பியைக் காட்டினார். தம்பி அவர் இடுப்பிலிருந்து இறங்கினான். இழுப்பறையின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மேனேஜர் அதையே பார்த்தார்.

பெண் போலீஸ் மட்டும் ஆவியைப் பார்க்கவில்லை. அவர் ஆன்ட்டியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கசகசப்பில் பவுடர் கரைந்திருந்தது. அவர் தன் கூட வந்தவரிடம் ஏதோ சொல்ல, அந்த ஆள் அப்பாவையும் அங்கிளையும் தம்பியோடும் மேனேஜரோடும் வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஆன்ட்டி, அம்மா, நான்.

நீங்கள் கூப்பிட்டீர்களா, உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா என்று பெண் போலீஸ் ஆன்ட்டியிடம் கேட்டார். ஆன்ட்டி விழித்தார். அம்மா, “ஷி நோ இங்கிலீஷ்” என்றாள். பெண் போலீஸ் என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். என்னால் தமிழில் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். முடியும் என்றேன். உன் அம்மாவிடம் அல்ல, இவரிடம் மட்டும் கேள் என்றார். இவரை யாராவது அடிக்கிறார்களா?

நான் திரும்பி, “உங்கள யாராவது அடிக்கிறாங்களான்னு கேக்குறாங்க ஆன்ட்டி” என்றேன். இதுவரை நான் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண் போலீஸின் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“ஆமான்னு சொன்னா இவுக என்ன செய்வாவன்னு கேளு.”

அம்மாவுக்கும் அது கேட்டிருந்தது. என் தோளில் இருந்த அவள் கை இறுகியது.

ஜன்னல் திரை ஓரத்தில் அப்பா தெரிந்தார். நீச்சல் டிரவுசரோடு, மேலே சட்டையில்லாமல், இரண்டு கையையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெயிலில் நின்ற மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். அப்பாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் அங்கிள் தலையைக் குனிந்து நின்றிருந்தார். இத்தனைக்கும் காரணம் என் விரல். இப்போது ஆமாம் என்றால் கேஸ் வரும். கேஸ் வந்தால் பெட்டி கட்ட வேண்டும். என் பள்ளி, என் சைக்கிள், அப்பா வேலை, எல்லாம் என்னால் போகும். அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது.

“நோ,” என்றேன். “ஷி செட் நோ.”

இவ்வளவு நீளமாகச் சொன்னாரே, நோ மட்டும்தானா என்று கேட்டார் பெண் போலீஸ்.  எங்கிருந்தோ எனக்கு ஒரு பதில் வந்தது. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், கடலில் விழுந்துவிட்டார் என்று சொல்கிறார் என்றேன். போன் செய்தது நான்தான், ஒன்றை இரண்டு தடவை அழுத்திவிட்டேன் என்று அதோடு சேர்த்து உண்மையையும் சொல்லி அழுதேன். அந்த அழுகை நிஜம் என்பதால் முன்னால் சொன்ன பொய்யும் நிஜமாகிவிட்டது. அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகவே புரியும். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாளே தவிர, ஒன்றும் திருத்தவில்லை.

அவர் எழுந்தார். உதவி வேண்டுமானால் கூப்பிட, ஒரு சிறு அட்டையில் எண் எழுதி ஆன்ட்டியிடம் கொடுத்தார். மேனேஜர் எங்களை ஒரு மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னார். பாதி வெந்த சோற்றைக் குப்பையில் கொட்டினோம்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. வேனில் சாமான் ஏற்றும்போது என் தலையில் கை வைத்து, “சமத்தாப் பேசிச் சமாளிச்சுட்டியாமே, அம்மா சொன்னா” என்றார். அங்கிள் ஆன்ட்டியிடம் எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, அதை இரண்டாகக் கிழித்து, விடுதி வாசல் குப்பைத் தொட்டியில் போட்டார். குப்பையைக் கண்ட இடத்தில் போடாமல் தொட்டியில் போட்டது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த வருடம் அங்கிளும் ஆன்ட்டியும் வேறு மாநிலத்துக்கு மாறிப் போனார்கள். வீட்டில் அவர்களைப் பற்றிப் பேச்சு குறைந்து, பிறகு நின்றது. எங்களுக்கு க்ரீன் கார்டு வந்தது. அன்று அம்மா பாயசம் வைத்தாள். ஆன்ட்டி என்ன ஆனார் என்று அம்மாவிடம் நான் பெரியவளான பிறகு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “எனக்கெங்கே தெரியும்” என்றவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று திரும்பும் வழியில் வேனின் கடைசி வரிசையில் ஆன்ட்டியும் நானும். ஹூஸ்டன் தாண்டும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

“நோன்னா இல்லன்னுதான அர்த்தம்? அது எனக்குத் தெரியும்லா.”

ஆன்ட்டிக்கு ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். யெஸ் என்றால் ஆமாம் என்று அடுத்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.