அடைப்பு இல்லாத தொண்டை

பள்ளிக்கூடச் சுவர் விழுந்த மூன்றாம் நாள் மத்தியானம், பிசைந்த ரசஞ்சோறு என் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. சளி என்று நினைத்தேன். மழைக்காலம், ஊரே நனைந்து கிடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இட்லியை மோரில் கரைத்துக் குடித்தேன். அதுவும் பாதிதான் இறங்கியது.

இதை எழுதுவது என்னைப் போன்றவர்களுக்காக. பெரிய துக்கம் நடந்த ஊரில், தன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருந்துகொண்டு, நோயில் விழுந்தவர்களுக்காக. இழந்தவர்கள் எழுந்து நடமாடும்போது நாம் ஏன் படுத்துக் கிடக்கிறோம் என்று வெட்கமாக இருக்கும். எனக்கு இருந்தது.

செஞ்சியில் மலையடிவாரத்தில் இருந்த ஆரம்பப் பள்ளி அது. ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. ஊறிப்போன பின்சுவர் மூன்றாம் வகுப்பின் மேல் சாய்ந்தது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

என் மகள் பத்மாவும் அதே வகுப்புதான். அன்று காலை எங்கள் வீட்டு அடுக்களையில் ஓடு ஒழுகித் தண்ணீர் நின்றது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளை நிறுத்திக்கொண்டேன். காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை. என் வேலைக்காக நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டு வசந்தா, தலையில் கோணிப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு, அவளைக் கூப்பிட வந்தாள். பத்மா வரவில்லை என்றதும் வாசலிலேயே நின்றாள்.

"நானும் இருக்கட்டா பெரீம்மா? பாப்பாவ நான் தூக்கிக்கறேன்."

"ஒழுங்கா பள்ளிக்கூடம் போ. உங்கம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றேன். போனாள்.

வசந்தா திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மா கன்னியம்மாள் அன்று விடியுமுன்பே நடவுக்குப் போயிருந்தாள். புருஷன் இல்லாதவள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பெண்தான்.

நான் அனுப்பி வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். வீக்கம் இல்லை, புண் இல்லை என்றார். இரண்டு வாரத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டுப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே பேரியம் படம் (சுண்ணாம்புக் குழம்பு போன்ற மருந்தைக் குடிக்கவைத்து, அது வயிற்றுக்குள் இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்ப்பது) எடுத்தார்கள். அந்தக் குழம்பு மட்டும் எப்படியோ இறங்கியது.

"உணவுக்குழாயில அடைப்பே இல்லம்மா," என்றார் டாக்டர். "வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லீங்க," என்றேன். அது உண்மைதான்.

"எங்க ஊர்ல பள்ளிக்கூடம் இடிஞ்சிதுங்க டாக்டர். எங்க பொண்ணு அன்னிக்குப் போகல. தப்பிச்சிட்டா," என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நல்லதுதானே," என்று தூக்க மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது, நல்லது நடந்ததற்கா எனக்கு இந்த நோய் என்று யோசித்து யோசித்துக் குழம்பினேன்.

நாங்கள் சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். கைப்பிடிச் சோற்றை விழுங்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதித் தட்டில் வெளிச்சம் போய்விடும். தட்டை மூடிவைத்துவிட்டுப் பசியோடு படுப்பேன். பத்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நைனா, அம்மா இன்னிக்கும் சாப்டல," என்று அழுவாள். அவளைத் தொட எனக்குக் கை கூசியது. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

கார்த்திகை பிறந்தபின் ஒரு நாள் கன்னியம்மாளே கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, இப்பிடி ஆயிட்ட? ஒரு வாய் குடி," என்று டம்ளரை நீட்டினாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கட்டுமா என்று வசந்தா கேட்டதை, நான் விரட்டியதை.

கன்னியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து போனாள்.

சொல்லிவிட்டால் தொண்டை திறந்துவிடும் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தேன். திறக்கவில்லை. அன்று எச்சில்கூட இறங்கவில்லை. பாரம் குறைந்ததா, கூடியதா என்றும் தெரியவில்லை. அவள் ஐந்து நாள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆறாம் நாள் வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அவ இன்னா பாவாட கட்டியிருந்தா?"

"பச்ச."

"தல சீவியிருந்தாளா?"

"தானே சீவிக்கினு வந்திருந்தா. வகிடு கோணலா இருந்திச்சி."

"அவ வாய்ல எதனா இருந்திச்சா? நான் அடுப்பு மூட்டாமலே போயிட்டேன்கா. பழஞ்சோறு இருந்திச்சி, அப்பிடியே கெடந்திச்சி. அவ தொடவே இல்ல."

அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை நாளும் அவள் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான்.

"பொட்டுக்கடல குடுத்தேன். ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கினா. தின்னுகினேதான் போனா," என்றேன்.

"அப்ப பசியோட போவல," என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். நானும் அழுதேன்.

கடலை கொடுத்தேனா? கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சின்ன உள்ளங்கைகள் எனக்குத் தெரிகின்றன. ஆனால் கன்னியம்மாள் கேட்பதற்கு முன் அவை தெரிந்தனவா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிறகு பல தடவை அந்தக் காலையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். என்னைக் கோபிக்கவில்லையா என்று நான் கேட்டதில்லை. மன்னித்தேன் என்று அவளும் சொன்னதில்லை.

தை மாதம் ஒரு நாள், பத்மாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே, அவள் கடித்து வைத்த முறுக்கை எடுத்து வாயில் போட்டேன். விழுங்கிய பிறகுதான் விழுங்கினேன் என்று தெரிந்தது. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்கத் தொடங்கியது. எந்த மருந்து, எந்தப் பேச்சு, எந்த நாள் அதைச் செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு வழி சொல்லவும் அதனால்தான் தயங்குகிறேன்.

ஆறு வருஷம் ஆகிறது. விழுங்குவது தானாக நடப்பது என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு வாயும் நான் அறிந்து செய்யும் வேலை. பொழுது சாய வெகுநேரம் முன்பே தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறேன். வேலை இல்லாத நாளில் கன்னியம்மாளும் வருவாள். அவளுக்கும் ஒரு தட்டு வைப்பேன். அவள் சீக்கிரம் முடித்துவிடுவாள். கையைக்கூடக் கழுவாமல், நான் கடைசி வாய் விழுங்கும்வரை, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.