அக்கா தொட்ட ரோல்ஸ்

கண்டி வாவிக்கரை உணவகத்தில் ரோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டிகள் தட்டோடு மேசைக்கு வரும். தின்றதற்கு மட்டும்தான் காசு; மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும். அதில் எனக்கு ஒருநாளும் அருவருப்பு இருந்ததில்லை.

அன்று அலுவலக நண்பர்களோடு போயிருந்தேன். பக்கத்து மேசையில், நாங்கள் பிறந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்னும் இருக்கும் என் அக்கா, மகளோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டேன்.

வெயிட்டர் அவர்களுடைய தட்டை எங்களுக்கு வைத்தார்.

"தோட்டத்து ஆளுங்க தொட்டது வேணாம். வேற கொண்டு வாங்க," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அக்கா என்று தெரிந்துதான் சொன்னேன்.

"மாமா!" என்று எழுந்த மகளை அக்கா பிடித்து உட்கார வைத்தாள்.

"மாமா இல்லடி. யாரோ தொரை."

இப்போதும் லயத்துக்குப் போகிறேன். அக்கா கதிரையைத் துடைத்துப் போடுகிறாள்.

"உக்காருங்க தொரை," என்கிறாள். சிரிப்பதில்லை.