நாளைக்குச் சாயப்போற மரத்துக்கு எதுக்கு மங்கு துடைக்கணும்?

மழை விட்ட கித்தாக் காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, ஒரு வாடை வரும்... புளிச்ச பாலும் ஈர இலையும் கலந்து. கெமாஸ் பக்கம் எஸ்டேட்ல வளர்ந்த மூக்குக்கு அது மறக்காது.

நேத்து நம்ம பழைய ஆபீஸ் குரூப்ல ஒரே சண்டை. புரோகிராம் முடியறப்ப, அது எடுத்த மெமரியை ஒவ்வொண்ணா திருப்பிக் கொடுத்துட்டுத்தான் முடியணுமா? எப்படியும் சிஸ்டம் மொத்தமா எடுத்துக்கப் போகுது, அப்படியே விட்டுடலாமா?

எனக்கு இதுல சந்தேகமே இல்ல லா. கம்ப்யூட்டரைக் கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்.

காட்டுக்குள்ள இருந்த கம்யூனிஸ்டுங்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். எஸ்டேட்டுல நாங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்கம்பி. மணி அடிச்சா கேட்டை மூடிருவாங்க... அப்புறம் வெளிய நிக்கறவன் கம்யூனிஸ்டுதான். கேள்வி கிடையாது, துப்பாக்கிதான்.

நானும் அண்ணியும் பக்கத்துப் பக்கத்து நிரையில பால் வெட்டினோம். அன்னிக்கு மழையால வேலை லேட். அந்த மரங்களுக்கு அதுதான் கடைசி நாள். "நாளைக்குச் சாய்க்கிறோம், மங்கெல்லாம் லாரியில அள்ளிக்குவோம்"னு எங்களை மேய்க்கிற மண்டோர் காலையிலேயே சொல்லிட்டார். மங்குன்னா மரத்துல பால் வடியற கிண்ணம்.

பாலை வாளியில ஊத்தியாச்சு. அண்ணி கிளம்பல. வழக்கம்போல ஒவ்வொரு மங்கையும் வழிச்சுத் துடைச்சுக் கவுத்துக்கிட்டு இருந்தாங்க.

"அண்ணி, மணி அடிக்கப் போறான், வாங்க!"

"இரு தம்பி, பாதி நிரைதான் பாக்கி. அழுக்கா போட்டுட்டு வந்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நாளைக்கு மரமே இருக்காது. யாரு வந்து பார்க்கப் போறா?"

கேக்கவே இல்ல. அவங்க வாளியையும் தூக்கிக்கிட்டு ஓடினேன்... "என் பாலு, என் பாலு"ன்னு திட்டிக்கிட்டே பின்னாடி ஓடி வந்தாங்க. கேட்டுக்குள்ள கால் வைக்கவும் மணி அடிக்கவும் சரியா இருந்தது.

மறுநாள் துடைச்ச மங்கு, துடைக்காத மங்கு எல்லாத்தையும் ஒரே குவியலா லாரியில அள்ளிட்டுப் போனாங்க.

அதான் சொல்றேன். நாளைக்கும் அதே நிரையில வேலைன்னா துடை. காடே போகுதுன்னா, பாலை மட்டும் பத்திரமா கொண்டு வந்து சேரு. ஃபைலை சேவ் பண்ணியாச்சா? கிளம்பு.

இப்ப அங்க ரப்பர் போய், பாமாயில் எடுக்கற செம்பனை. முள்கம்பியும் இல்ல, மணியும் இல்ல. போன வருஷம் அண்ணியும் போயிட்டாங்க...

கடைசி வரைக்கும் அவங்க ஒத்துக்கல. "உன்னால பாதி நிரை அழுக்கா கெடந்துச்சு"ன்னு தீபாவளிக்குத் தீபாவளி திட்டுவாங்க. பேரப்பிள்ளைங்க சிரிக்கும்.

திட்டட்டும்னுதானே அன்னிக்கு இழுத்துக்கிட்டு வந்தேன்.