தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதவள்

காய்ச்சல் விட்ட பிறகும் நான் பாயை விட்டு எழவில்லை. நோயாளியாக நடித்தேன். என் கொழுந்தன் மனைவி ருக்குமணியை அப்படித்தான் கொன்றேன்... ஆம், கொன்றேன்! வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை மூண்ட வருஷத்து மார்கழி. இராசிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல். எனக்கும் சளிக்காய்ச்சல் கண்டது. அது நிஜமான காய்ச்சல்தான். கண் எரிந்தது, எலும்பெல்லாம் நொந்தது. பிறகு ஒரு காலையில் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. நன்றாகப் பசித்தது.

எழுந்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் கோழி கூவுமுன் எழுந்து, தெருவில் நீட்டிய பாவு நூலுக்குக் கஞ்சிப்பசை போட்டு, பிறகு அடுப்பு, பிறகு ராட்டை... நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்ட நினைவே எனக்கில்லை. இப்போதோ படுத்த இடத்துக்கு மிளகுக் கஷாயம் வருகிறது! வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று, "இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்கிறார்! அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் நோய் தீர்ந்ததாக அர்த்தம். அதுவரை அவளுக்கு ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். நான் ஊற்றிக்கொள்ளவே இல்லை. "சீக்குக் கோழியாட்டம் இன்னும் எத்தன நாளைக்கு?" என்று மாமியார் முனகினால் இருமிக் காட்டினேன். தூங்குகிறவளை எழுப்பலாம், தூங்குவதுபோல் கிடப்பவளை யார் எழுப்புவது?

என் பங்கு வேலையும் ருக்குமணி தலையில் விழுந்தது. ஒரு நாள் கஷாயத்தோடு வந்தவள் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, வெந்நி காய வெச்சிருக்கறனுங்க. இன்னிக்காச்சும் தலைக்கு ஊத்திக்கிறீங்களா? எனக்கும் மேலு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

லோட்டாவை வாங்கும்போது அவள் விரல் என் விரலில் பட்டது. கொதித்தது. கஷாயத்தின் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... எப்பேர்ப்பட்ட பொய்!

"இன்னும் முடியல, சாமி. நாளைக்குப் பாக்கலாம்."

"சரிங்கக்கா. நீங்க படுத்துக்கங்க."

அவள் பனியில் பாவுக்குப் பசை போடப் போனாள். மறுநாளும் போனாள். அங்கேயே நூலுக்கடியில் சரிந்தாள். தூக்கிவந்து அடுத்த அறையில் கிடத்தினார்கள். சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார் வைத்தியர்.

அப்போதாவது எழுந்தேனா? இல்லை! சட்டென்று எழுந்தால் இத்தனை நாள் நடித்தது வெளிப்பட்டுவிடுமே... அவமானத்துக்குப் பயந்து படுத்தே கிடந்தேன். பொங்கலுக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

பாடை எடுத்தபின் வீடே கிணற்றடியில் தலை முழுகியது. மாமியார் அழுத கண்ணோடு என்னிடம் வந்தார். "நீ முழுகாத, சாமி. உனக்கும் ஏதாச்சும் ஆயிரப் போவுது. மஞ்சத்தண்ணி தெளிச்சிக்கிட்டாப் போதும்." தெளித்துக்கொண்டேன். அடிப் பாவி, அப்போதும் வாயைத் திறக்கவில்லையே!

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் கொழுந்தன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"காச்சல்லயும் அவளுக்கு உங்க நெனப்புத்தானுங்க, அண்ணி. 'அக்கா எந்திரிச்சிட்டாங்களா'ன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தா. அத்தன பாசமுங்க உங்க மேல."

பாசமா? தன்னைப் பார்க்க ஓர் ஆள் வரமாட்டாளா என்று ஏங்கிய ஏக்கமா? என் நடிப்பு தெரிந்தே கேட்டாளா? எத்தனையோ வருஷம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

ஆனால் அதைக் கொழுந்தன் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு மண்சுவர். அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் என் காதில் விழுந்தது.

ஒவ்வொரு முறையும் நான் இருமினேன்.