முதலில் யார் ஏறுவது

பிள்ளைகளே, எதிர்வீட்டு லண்டன் தாத்தாவுக்கு அந்த மார்ச் மாதம் என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "வெயில் ஒத்துக்கலை" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது பாதிதான். மீதியில் என் தப்பு இருக்கிறது. நான் பத்தாவதோடு நின்றவன், தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அந்த வீட்டில் மாடியில் லண்டன்காரர், கீழே அமெரிக்காக்காரர். லண்டன்காரருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. மற்றவர் பத்து வயசு சின்னவர். வருஷா வருஷம் அண்ணாமலையைப் பார்க்க வருவார்கள், எங்கே போனாலும் என் ஆட்டோதான். அமெரிக்காக்காரர் தான் இருக்கும் கீழ்வீட்டை ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பார். லண்டன்காரர் மாடியைத்தான் அப்படிச் சொல்லுவார். தண்ணி கேன் போடுகிறவர் குழம்பிப்போய் ரெண்டு கேனையும் கீழேயே இறக்கிவிட்டுப் போவார். அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

டீக்கடையிலும் விடமாட்டார்கள். அமெரிக்காக்காரர் டீயில் ஐஸ் கேட்பார். லண்டன்காரர் கண்ணை மூடிக்கொள்வார். பேசுவது இங்கிலீஷ்தான், எனக்குப் புரிந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் காலத்துல எங்க டீயைக் கடல்ல கொட்டின ஜனங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்க டீக்கு அதுதாங்க சரியான இடம்."

"எங்க ஊர் சர்ச்சுக்கு உங்க நாட்டைவிட வயசு ஜாஸ்தி."

"அதான் இன்னும் குளுருதா அங்க?"

கடைக்காரர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். இது விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நாள் காலை எட்டரை மணிக்கு அமெரிக்காக்காரர் கடைக்கு வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. விடியற்காலையில் கிளம்பி கிரிவலம் முடித்துவிட்டாராம். லண்டன்காரர் அவர் ஷூவைப் பார்த்தார்.

"இதோடவா? இது வாக்கிங். கிரிவலம் இல்லை."

"நீங்க இன்னும் வாக்கிங்கே போகலையே!"

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, எது சரி?" என்றார்கள்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடிந்தவர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள், முடியாதவர்களை என்னைப் போன்றவர்கள் ஆட்டோவில் சுற்றிக் காட்டுவோம், ரெண்டும் மலையைச் சுற்றுவதுதான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பெரிய படிப்புப் படித்த ரெண்டு பேர் என்னை ஜட்ஜ் மாதிரி உட்கார வைத்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. "வெறுங்காலோடதான் நடக்கணும். ஆரம்பிச்சா நடுவுல விடக்கூடாது. வண்டியில கால் வெச்சா அவ்ளோதான், கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த வண்டியில்தான் நம் சாப்பாடு என்பது அப்போது வாயில் வரவில்லை.

"இப்பவே போறேன்" என்றார் லண்டன்காரர். "ரெண்டாவது தடவை நானும் வர்றேன்" என்று ஷூவைக் கழற்றினார் மற்றவர்.

லண்டன்காரரைப் போக விடக் கூடாது. ஏனென்றால் அந்தக் கடையில் எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்த வருஷம் வந்த புதிதில் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் அடைப்புக்கு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள், வேளைக்கு வேளை மாத்திரை. "கீழ இருக்கிறவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கிண்டல் பண்ணுவான்" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவருடைய பெண் உங்கள் அம்மாவிடம் வீடியோவில், "அப்பாவைப் பாத்துக்குங்க" என்று சொன்னதும் எனக்குத் தெரியும்.

தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. தண்ணி பாட்டில்களை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டோவை உருட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

பத்து மணிக்கெல்லாம் ரோடு தோசைக்கல். நிழல் வந்தால் ரெண்டு பேரும் மெதுவாக நடப்பார்கள், வெயில் வந்தால் குதிப்பார்கள். ஆனால் ஒருத்தர் மற்றவரைப் பார்க்கும்போது மட்டும் பூங்காவில் நடப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்கள். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அடி அண்ணாமலை தாண்டும்போது மணி பதினொன்று. லண்டன்காரர் முகத்தைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது வெளுத்துப்போய், சாம்பல் பூசினமாதிரி இருந்தது. வேர்வையே இல்லை. வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"சார், ஏறுங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்."

"அவரை முதல்ல ஏறச் சொல்லுங்க."

அமெரிக்காக்காரரிடம் ஓடினேன். அவர் குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. "பெரியவர் ஏறட்டும். அதான் மரியாதை" என்று சிரித்தார்.

"நீங்க முதல்ல" என்றார் லண்டன்காரர்.

"ஐயோ, நீங்கதான் முதல்ல" என்றார் அமெரிக்காக்காரர்.

நடு வெயிலில் மரியாதையிலும் போட்டி. திறந்த ஆட்டோ சும்மா நின்றது. லண்டன்காரர் ஒரு கையால் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டார், மற்றக் கை சட்டைப் பொத்தான் மேல் இருந்தது. இங்கேயே விழுந்துவிட்டால் அவர் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது. கொடுத்த வாக்கை மீறினேன். அமெரிக்காக்காரர் காதில், "அவர் நெஞ்சுல ஸ்பிரிங் இருக்கு" என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த நிமிஷம், "ஐயோ என் கால்! என்னால முடியாது! நான் தோத்துட்டேன்!" என்று ரோடே திரும்பிப் பார்க்கிறமாதிரி கத்திக்கொண்டு ஆட்டோவில் விழுந்தார்.

அப்பாடா என்று லண்டன்காரரைப் பார்த்தேன். அவர் மரத்தை விட்டுக் கையை எடுத்தார். "நல்லது. அப்போ நான் முடிச்சுட்டு வர்றேன்" என்று நடக்க ஆரம்பித்தார்.

என் ஆயுசில் அவ்வளவு பயந்ததில்லை. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"சார், நான் சொன்னது பொய். ஆட்டோல போனாலும் கிரிவலம்தான். எங்க அம்மாவையே ஆட்டோலதான் சுத்திக் கூட்டிட்டு வந்தேன்."

"காலையில ஏன் சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் என்னைக் கேட்டீங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குள் அவர் முழங்கால் மடங்கியது. அமெரிக்காக்காரர் அந்தக் காலோடு இறங்கி ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். இருவருமாக வண்டியில் கிடத்தினோம்.

டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை. பின்னால் அமெரிக்காக்காரர் குரல் மட்டும் கேட்டது. "எங்க டீதான் நல்ல டீ. கேக்குதா? பதில் சொல்லுங்க. ஐஸ் போட்ட டீதான் நல்ல டீ." பதில் வரவில்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் போன் பண்ணியதும் உங்கள் அம்மா அவர் மாத்திரை டப்பாவோடு வந்தாள். அமெரிக்காக்காரர் காலில் கட்டுப் போட விடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதே, எனக்குத் தெரியாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரியுமே.

ஒரு மணி வாக்கில் நர்ஸ் வந்து, "உடம்புல தண்ணியே இல்லைங்க. நெஞ்சும் ரொம்பத் தடுமாறியிருக்கு. இப்போ பரவாயில்லை, ஆனா நாளைக்கு வரைக்கும் பாக்கணும்" என்றார்.

போனில் அவர் பெண்ணைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததை நானே சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது.

பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போர்வையைப் பார்த்தபடி நின்றேன். அது மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போகிறவரைக்கும் நான் மூச்சு விடவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காக்காரரும் வெறுங்காலோடு நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.