மாமா மகளுக்கு இரண்டு தீபாவளி

என் மாமா மகள்மேல் எனக்கிருந்த பொறாமைக்கு முழுக் காரணம் கோர்ட்டுதான். அவளை யார், எப்போது, எங்கே வைத்துக் கவனிக்க வேண்டும் என்று நீதிபதியே எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு எழுதிக் கொடுக்க ஒரு நாதியில்லை.

மாமாவும் மாமியும் பிரிந்தபோது வந்த தீர்ப்பு அது. வார நாள்களில் பிள்ளை கிள்ளானில் மாமியோடு, சனி ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் மாமாவோடு. மாமா எங்கள் ஃப்ளாட்டிலேயே மேல்மாடியில் குடியிருந்தார். ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்க மாட்டார் என்பதால், பிள்ளையைக் கைமாற்றும் இடத்தையும் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள பொரித்த கோழிக் கடை. சனிக்கிழமைதோறும் அவளுக்குக் கோழி வாங்கித் தரச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டிருப்பதாகவே நான் நினைத்தேன். துணைக்குப் போகும் எனக்கு அவள் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல் வரும், அதுவும் ஆறிப்போய்.

தீபாவளியையும் தீர்ப்பு இரண்டாக வெட்டியிருந்தது. மத்தியானம்வரை அங்கே, பிறகு இங்கே. விடியற்காலையிலேயே கிள்ளானில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவளை, அந்த வீட்டுக் குளியல் சேராது என்று மாமா உச்சி வெயிலில் மறுபடியும் எண்ணெய் வைத்து உட்காரவைத்தார். கண் எரிகிறதென்று அழுதாள். எண்ணெயை அவளே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் இரண்டு புதுச்சட்டை? எனக்கு வயிறு எரிந்தது.

அன்றே அப்பாவிடம் கேட்டேன்.

"நாமளும் கோர்ட்டுக்குப் போலாம்பா. நீங்களும் அம்மாவும் சும்மாதானே இருக்கீங்க."

அப்பா சிரித்தார். அம்மா, "வாயக் கழுவு," என்று கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று வைத்தார்.

மறுவருஷம் மாமா, பிள்ளை முழுசாகத் தன்னோடுதான் இருக்க வேண்டுமென்று திரும்பவும் கோர்ட்டுக்குப் போனார். இந்த முறை நீதிபதி ஒரு பெண்மணி. பிள்ளையைத் தனியாகத் தன் அறைக்கே கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்கப்போகிறாராம். இட்லியா தோசையா என்றுகூட எங்கள் வீட்டில் என்னை யாரும் கேட்டதில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டார். பின்னி முடித்த பிறகும் அவள் எழுந்திருக்காமல் அம்மா மடியிலேயே சாய்ந்து கிடந்தாள். அது என் அம்மாவின் மடி. அதையுமா கோர்ட் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை, கோழிக் கடையில் கை கழுவும் இடத்தில் அவளை மடக்கினேன்.

"ஜட்ஜ்கிட்ட யாரச் சொன்ன? மாமாவா, மாமியா?"

"ரெண்டு பேரையும் இல்ல. உங்க வீடுன்னு சொன்னேன்."

"எங்க வீடா? எதுக்கு?"

"சும்மாதான் லா." குழாயை மூடாமல் நின்றாள். "'அம்மாவா அப்பாவான்னுதானே கேட்டேன்'னாங்க ஜட்ஜ் ஆன்டி. அப்பாகிட்ட சொல்லிடாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கிற இரண்டு வீடு போதாமல் என் வீடும் வேண்டுமாம். நீதிபதி மனம் இளகி எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில், பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

தீர்ப்பு வந்தது. எல்லாம் பழையபடியே. ஐந்து நாள் அங்கே, இரண்டு நாள் இங்கே. அவள் ஞாயிறு சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் செருப்பு வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வழக்கில் ஜெயித்தது நான்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.